இட்லிப்பூச் செடி: அடையாளம் கண்டு, தொட்டியில் வளர்க்கும் முறை

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வேலி மாதிரி கத்தரித்து வைத்திருக்கும் செடியில் சிவப்புக் கொத்தாகப் பூக்குமே, அதுதான் இட்லிப்பூ. பழைய பெயர் வெட்சி. ஆநிரை கவரும் திணைக்கு இதன் பெயரைத்தான் தொல்காப்பியம் வைத்திருக்கிறது. மலாயில் ஜெஜாரும் என்பார்கள். ஜாரும் என்றால் ஊசி. மொட்டைப் பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

முதலில் அடையாளம்

கொத்திலிருந்து உதிர்ந்த ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நூல் மாதிரி மெல்லிய குழல், அதன் நுனியில் நான்கு இதழ். ஐந்து இதழ் இருந்து, இலையும் மெத்தென்று ரோமத்தோடு இருந்தால் அது பென்டாஸ். நிறைய பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அடுத்து இலை. இட்லிப்பூவின் இலை தடிப்பாக, பளபளப்பாக, எதிரெதிரே இரண்டிரண்டாக இருக்கும். அந்த இரண்டு இலைக்கும் நடுவே தண்டில் கூரான சின்னச் செதில் ஒன்று நகத்தில் தட்டுப்படும். காப்பிச் செடிக்கும் இது உண்டு, இரண்டும் ஒரே குடும்பம். காம்பே இல்லாமல் இலை தண்டை ஒட்டி, இதழ் நுனியும் கூராக இருந்தால் நம் ஊர் வெட்சி. குட்டைக் காம்பும் வட்ட இதழும் என்றால் சீன வகை. தொட்டிக்குச் சிற்றிலைக் குட்டை ரகம்தான் நல்லது.

இடம்

தினம் நான்கு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். இல்லாவிட்டால் இலை மட்டும்தான், பூ கிடையாது. சிங்கப்பூரில் வெயில் பக்கம் மாறும்: வடக்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, தெற்குப் பார்த்ததற்கு மற்ற மாதங்களில். தீயணைப்பு விதிப்படி நடக்க 1.2 மீட்டர் வழி விட்டுத்தான் தொட்டி வைக்க வேண்டும்.

பதியன்

சாலையோரத்திலும் பூங்காவிலும் ஒடிக்காதீர்கள், அது குற்றம். தெரிந்தவர் வீட்டுச் செடியில், பச்சையிலிருந்து பழுப்பாக மாறிக்கொண்டிருக்கும் பூவில்லாத கிளையாகப் பார்த்து 10 முதல் 15 செ.மீ. நறுக்குங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் இரண்டு இலையையும் பாதியாக வெட்டி, மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த சின்னத் தொட்டியில் ஊன்றுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, வெளிச்சமான நிழலில் வையுங்கள். வேர்விட 4 முதல் 8 வாரம் ஆகும். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்க வேண்டாம், புதுத்துளிர் வந்தாலே சரி.

மண்ணும் மஞ்சள் இலையும்

என் முதல் செடியை அழகாக இருக்கிறதே என்று சிமெண்டுத் தொட்டியில் வைத்தேன். சில மாதத்தில் துளிர் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினேன். ஆனால் அது இரும்புச்சத்துக் குறை. இந்தச் செடிக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிட்டால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றி, புது மண் போட்டு, நர்சரியில் வாங்கிய இரும்புச்சத்துக் கரைசலை ஊற்றினேன். அடுத்து வந்த இலைகள் கரும்பச்சையாக வந்தன. அதனால் சுவரை ஒட்டி நடுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

தண்ணீர், கத்தரிப்பு

மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததும் ஊற்றினால் போதும். அடித்தட்டில் தேங்கும் நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, கொசுவாக ஒரு வாரம் போதும். இறுகிய மேல்மண்ணையும் கிளறிவிடுங்கள், அதிலும் நீர் நிற்கும்.

பூ வருவது கிளை நுனியில். மொட்டு வைத்த நேரத்தில் கத்தரித்தால் அந்த முறைப் பூ போச்சு. கொத்து வாடியதும், அதற்குக் கீழே ஒரு ஜோடி இலைக்கு மேல் வெட்டுங்கள். அங்கிருந்து இரண்டு கிளை பிரியும், இரண்டிலும் கொத்து வரும்.

அப்புறம், தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி ஒட்டியிருக்கும். அதன் தித்திப்புக்குத்தான் எறும்பு வருகிறது. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தெடுங்கள், வாரம் ஒருமுறை பூச்சி மறையும் வரை.