ஒரு சமிக்ஞை, ஒரே பொருளா? உட்செவியின் சமநிலை உறுப்புகளைப் படிப்போர் செய்யும் தவறுகள்

மனிதக் கருவின் நான்காம் வாரத்தில், பின்மூளைக்கு அருகே புறப்படை சற்றே தடித்து, குழிந்து, மூடிக்கொண்டு ஒரு சிறு பையாகிறது. ஒலியைக் கேட்கும் காக்ளியா, தலையசைவை உணரும் மூன்று அரைவட்டக் கால்வாய்கள், யுட்ரிகிள், சாக்யூல் என்னும் மற்ற இரு சமநிலை உறுப்புகள் எல்லாம் இந்த ஒரே பையிலிருந்து வருபவை. மேலிருந்து விண்ட், கீழிருந்து சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்னும் சமிக்ஞைப் புரதங்கள் வந்து பையின் மேல் கீழைத் தீர்மானிக்கின்றன. இதுவரை யாருக்கும் குழப்பமில்லை.

குழப்பம் நாட்ச்சில், அதாவது ஒட்டியிருக்கும் செல்கள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை தரும் பாதையில், தொடங்குகிறது. "நாட்ச் மயிர் செல்களைத் தடுக்கும்" என்று படிப்போர் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்; ஒலியையும் அசைவையும் உணர்பவையே மயிர் செல்கள். பாதிதான் உண்மை. தொடக்கத்தில் ஜாக்ட்1 புரதம் தூண்டும் நாட்ச், ஓரிடத்தை உணர்வுப் பகுதியாகவே தயார்செய்கிறது. பின்னர் அங்கே மயிர் செல்லாக மாறத் தொடங்கிய செல், தன் மேற்பரப்பில் டெல்டா புரதத்தை ஏந்துகிறது. அதைத் தொடும் அண்டைச் செல்களில் நாட்ச் முடுக்கப்பட்டு, அவை மயிர் செல்களாகாமல், அவற்றைத் தாங்கும் செல்களாகின்றன. அதனால்தான் ஜாக்ட்1 குறைந்தால் உணர்வுப் பகுதியே சுருங்குகிறது; டெல்டாவின் தடை விலகினாலோ மயிர் செல்கள் அளவுமீறிப் பெருகுகின்றன. ஒரே பாதை, நேர்மாறான இரு விளைவுகள். எந்தக் கட்டம் என்று கேட்காமல் நாட்ச்சைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

கால்வாய்கள் தளிர்போல நீண்டு வளர்வதாக நினைப்பதும் தவறு. தட்டையான ஒரு புடைப்பு எழுகிறது. அதன் நடுவில் இரு சுவர்களும் நெருங்கி ஒட்டுகின்றன. ஒட்டிய பகுதி மறைய, விளிம்பு மட்டும் வளையமாக மிஞ்சுகிறது. ஒருவகையில் இது செதுக்கும் வேலை.

எஃப்ஜிஎஃப்10 என்னும் சமிக்ஞைப் புரதத்தின் மரபணு இல்லாத எலிகளில் பின்புறக் கால்வாய் இருக்காது. உடனே அதைக் "கால்வாய் மரபணு" என்று அழைத்துவிடக் கூடாது. அந்தச் சமிக்ஞையை அனுப்புவது கால்வாய்ச் சுவரன்று, அதன் அடியிலுள்ள உணர்வுத் திட்டு. கால்வாயாக மாறுவது அதைக் கேட்கும் பக்கத்துச் செல்கள்.

நான் மிகவும் வியப்பது யுட்ரிகிளைத்தான். அங்கே மயிர் செல்களின் முடிக்கற்றைகள் ஒரு கோட்டின் இருபுறமும் எதிரெதிராக நோக்குகின்றன. திசையறிவிக்கும் வேங்கிள்2 புரதம் கோட்டின் இரு பக்கமும் ஒரே ஒழுங்கில்தான் அமைந்திருக்கிறது. ஒரு பக்கச் செல்களில் மட்டும், மற்ற மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் இஎம்எக்ஸ்2 புரதம் இருக்கிறது. அந்தச் செல்கள் வேங்கிள்2 தரும் அதே குறிப்பைத் திருப்பிப் படிக்கின்றன. இஎம்எக்ஸ்2-ஐ நீக்கினால் எல்லாக் கற்றைகளும் ஒரே பக்கம் பார்க்கின்றன.