பன்னிரண்டு தவணைக்கும் ஒரே தேதி

ஒரு பழைய ஜாவா புரோகிராம். கடன் தவணைப் பட்டியல் போட்டால் பன்னிரண்டு தவணைக்கும் கடைசி மாதத் தேதியே வந்தது. தொகைகள் மட்டும் வரிக்கு வரி சரி.

முதலில் டேட்டாபேஸ் மேல் சந்தேகம், பிறகு டைம்ஸோன். இரண்டும் சுத்தம். தவணையை வரையறுக்கும் கிளாஸில் தேதிக்கு முன்னால் ஃபைனல் (final) என்ற சொல்லைப் போட்டும் பலனில்லை. ரெஃபரன்ஸை, அதாவது ஆப்ஜெக்ட் இருக்கும் இடத்தைக் காட்டும் விலாசத்தை, ஃபைனல் வேறு பக்கம் திருப்ப விடாது, அவ்வளவுதான். அது காட்டும் ஆப்ஜெக்டை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். தவணைகளை ஒவ்வொன்றாக உருவாக்கும் லூப்புக்குள் லாக் (log, நடப்பதை எழுதி வைக்கும் பதிவு) போட்டால் தேதிகள் ஒழுங்காக வந்தன. அதுதான் ரொம்ப ஏமாற்றியது: லாக், அந்த நொடியின் தேதியை எழுத்தாக்கி வைத்துவிடுகிறது.

புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்கும் டீபக்கரில் தவணைகளை விரித்தபோது விடை கிடைத்தது. ஒவ்வொரு டேட்டுக்கும் (தேதி ஆப்ஜெக்டுக்கும்) பக்கத்தில் ஒரே ஆப்ஜெக்ட் எண். லூப்புக்கு வெளியே ஒரே டேட்டை உருவாக்கி, மாதத்தை மாற்றும் செட்மந்த்தால் நகர்த்தி, தவணை ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்கு அனுப்பியிருந்தார்கள். தொகை இன்ட் (int, வெறும் முழு எண்) என்பதால் மதிப்பே நகலாகிப் போனது. தேதியில் நகலானது ரெஃபரன்ஸ் மட்டும். பன்னிரண்டு பேர் கையிலும் ஒரே வீட்டு விலாசம்.

கன்ஸ்ட்ரக்டரில் கெட்டைம் தரும் நேர மதிப்பை வைத்துப் புது டேட் உருவாக்கிச் சேமித்தேன், சரியானது. தேதியை வெளியே தரும் கெட்டரிலும் நகலையே திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் பின்வாசல் திறந்தே இருக்கும்.

பிறகு எல்லாவற்றையும் 2014இல் வந்த ஜாவா 8இன் லோக்கல்டேட் என்ற தேதி வகைக்கு மாற்றினேன். அதில் மாதத்தைக் கூட்டும் பிளஸ்மந்த்ஸ் பழைய ஆப்ஜெக்டைத் தொடாமல் புதிதாக ஒன்றைத் தரும்; அதை வாங்கி வைக்காவிட்டால் தேதி நகரவே நகராது.