மாத்திரையும் ரம்மும்: முன்னாள் படைவீரர்கள் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு பெக். அப்புறம் சாப்பாடு. பத்தரைக்கு மனநல டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. "நடுவுல ரெண்டரை மணி நேரம் கேப் விட்டாச்சு, ஒண்ணும் ஆகாது." இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, மன அழுத்தத்துக்கோ பதற்றத்துக்கோ தூக்கமின்மைக்கோ மருந்து சாப்பிடுகிற பலர் இந்தக் கணக்கை நம்பித்தான் நாளை ஓட்டுகிறார்கள். இந்தக் கணக்கு தப்பு.

இராணுவ கேண்டீனில் வாங்கும் ரம்மில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 30 மில்லி ஸ்மால் பெக்கில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கும். நல்ல நிலையில் உள்ள கல்லீரலே மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். வீட்டில் யாரும் அளந்து ஊற்றுவதில்லை. டம்ளரில் ஊற்றும் 'ரெண்டு பெக்' பல நேரம் ஒரு குவார்ட்டரைத் தொட்டுவிடுகிறது. குவார்ட்டர் என்றால் 180 மில்லி, அதாவது சுமார் 60 கிராம். ராத்திரி குடித்தது விடியற்காலை வரை ரத்தத்தில் இருக்கும்.

மாத்திரையும் அப்படித்தான். பதற்றத்துக்குத் தரும் குளோனசிபாம் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். காலையில் போட்டது மறுநாள் காலையிலும் பாதிக்கு மேல் இருக்கும். ஆகவே எவ்வளவு இடைவெளி விட்டாலும் இரண்டும் உள்ளே சந்தித்துக்கொள்ளும். டயசிபாம், லோராசிபாம், குளோனசிபாம் எல்லாமே மதுவைப் போல மூளையை மந்தமாக்குபவை. சேர்ந்தால் மூச்சு மெதுவாகும், தூக்கத்திலேயே வாந்தி எடுத்து அது மூச்சுக்குழாயில் போய்விடவும் கூடும். அமிட்ரிப்டிலின், மிர்டாசபின், குவெட்டியாபின் போன்றவையும் மதுவோடு சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டும். அறுபது தாண்டியவர் ராத்திரி பாத்ரூம் போக எழுந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வது பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு விட்டு விட்டு வந்தால், "போதை தெளியட்டும்" என்று காத்திருக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

"இது டாஸ்மாக் சரக்கு இல்ல, கேண்டீன் சரக்கு, ஒரிஜினல்" என்பதும் அடிக்கடி கேட்கிற சமாதானம். தரம் நன்றாக இருந்தாலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான். கேண்டீன் மது கோட்டா வீணாகக் கூடாது என்று மாதாமாதம் வாங்கி அடுக்குவதையும் நிறுத்தலாம். மதுவை வாங்காமலே கேண்டீனில் மளிகையை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

சரி, அப்படியானால் குடிக்கிற அன்றைக்கு மாத்திரையை விட்டுவிட்டால்? இதுவும் பரவலான தவறு. பழைய யூனிட் நண்பர் வருகிறார், பாட்டில் திறக்கிறது, இரண்டு நாள் மாத்திரை நிற்கிறது. மன அழுத்தத்துக்குத் தரும் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை தினமும் விடாமல் சாப்பிட்டால், நான்கிலிருந்து ஆறு வாரத்தில்தான் முழுப் பலன் தரும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் அந்தப் பலன் நிலைக்காது. வென்லாஃபாக்சின், பராக்சிடின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரும். இதை "குடிக்காததால வர்ற நடுக்கம்" என்று நினைத்து மறுபடி பாட்டிலை எடுப்பவர்கள் உண்டு.

எல்லா மாத்திரையையும் ஒரே மாதிரி நடத்தவும் முடியாது. சிலவற்றைக் குடித்த அன்றும் நிறுத்தக்கூடாது, சிலவற்றைப் போதையின் மேல் போடவே கூடாது. எது எது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது நேரடியாகக் கேளுங்கள்: "சார், தவறிப்போய்க் குடித்துவிட்டால் அன்று இதில் எதைப் போடணும், எதைப் போடக்கூடாது?" பதிலை மாத்திரை அட்டையின் பின்னால் பேனாவால் எழுதி வையுங்கள். குடிக்க அனுமதி கேட்பதாக எந்த நல்ல டாக்டரும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

குடியை ஒரே நாளில் நிறுத்துவது

இருப்பதிலேயே ஆபத்தான தவறு இது. நல்ல எண்ணத்தோடு செய்வதால் யாருக்கும் தவறாகவே தெரிவதில்லை. "சியாச்சின்ல நின்னவன் நான், இதை நிறுத்த முடியாதா?" என்று ஒரு காலையில் முடிவெடுக்கிறார். அந்த மன உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் வருடக்கணக்காகத் தினமும் குடித்த மூளை மதுவுக்கு ஏற்பத் தன்னை மாற்றி வைத்திருக்கிறது. மதுவை மொத்தமாக எடுத்தால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம் வரும். மனைவியையே அடையாளம் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், இல்லாத ஆட்களோடு பேசுவார், காய்ச்சல் அடிக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

முன்னாள் படைவீரர் வீட்டில் இது இன்னும் குழப்பமாகிவிடுகிறது. 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படையில் இருந்தவர், 1999-இல் கார்கிலில் இருந்தவர், அந்தக் குழப்பத்தில் சண்டைக் காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், குடும்பம் "பழைய நினைப்பு வந்துடுச்சு" என்று சும்மா இருந்துவிடுகிறது. சில வீடுகளில் காத்து கருப்பு என்று மந்திரிக்கவும் போகிறார்கள். அந்தப் பேச்சோடு நடுக்கமும் வியர்வையும் இருந்தால், போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. கடைசியாக எப்போது குடித்தார் என்ற நேரத்தை அங்கே முதலில் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் குளோர்டயசெபாக்சைடு, டயசிபாம் போன்றவற்றைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். மேலே ஆபத்து என்று சொன்ன அதே மாத்திரை வகை இங்கே கண்காணிப்பில் உயிர் காக்கிறது. அதே மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வீட்டிலேயே கொடுத்துப் பார்ப்பது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். தயமின், அதாவது வைட்டமின் பி1, ஊசியாகப் போடுவார்கள். தெருமுனை கிளினிக்கில் "சோர்வா இருக்கார்" என்று தயமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ள வேண்டாம். பி1 குறைந்துபோன உடம்பில் அது மூளையைப் பாதித்து, ஞாபகசக்தியை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடும். முன்பு ஒரு முறை வலிப்பு வந்தவர் வீட்டில் வைத்து நிறுத்திப் பார்க்கவே கூடாது.

தெரியாமல் கலந்து கொடுப்பது

வெறுத்துப்போன மனைவியோ மகனோ குழம்பில் மருந்து கலப்பது இங்கே பழைய கதை. அவர்களின் வேதனை புரிகிறது, ஆனாலும் இது கூடாது. குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் என்ற மருந்தைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோய் உள்ளவருக்கு அதுவே முடிவாகிவிடலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த விளைவு இருக்கும். ஆல்கஹால் கலந்த இருமல் சிரப், அரிஷ்டம் கூட அதைக் கிளப்பிவிடும். வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோலோடு டைசல்ஃபிராம் சேர்ந்தால் மனக்குழப்பமே வரலாம். ஏற்கெனவே மனநல மருந்து எடுப்பவருக்கு இது எவ்வளவு மோசம் என்று யோசியுங்கள். அவர் ஒப்புக்கொண்டு, டாக்டர் பரிசோதித்துக் கொடுத்தால் மட்டுமே அது மருந்து. 'அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தும் பவுடர்' என்று விற்பதில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை இருக்கின்றன. முதுகுவலிக்கு டிரமடால் சாப்பிடுபவருக்கு நால்ட்ரெக்சோன் ஒத்துவராது என்பதால், வலி மாத்திரை பற்றியும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

சர்வீஸில் இருந்தபோது மனநலப் பிரச்சினையை மறைக்கக் காரணம் இருந்தது. மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) இறங்கும், பிரமோஷன் போகும் என்ற பயம். அந்தப் பழக்கத்தில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கிலும் "எப்பவாவது ஒரு பெக் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் அந்தப் பொய்யான அளவுக்கு மருந்து எழுதுகிறார். சர்வீஸ் முடித்துப் பென்ஷன் வாங்குபவருக்குச் சிகிச்சை எடுப்பதால் பென்ஷன் போகாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலக் கோளாறுகளையும் மனநோயாகவே கணக்கில் எடுக்கிறது, சிகிச்சை விவரங்களின் ரகசியத்தையும் காக்கச் சொல்கிறது. பிரஷர், சுகர், மூட்டுவலி, மனநலம் என்று எந்த டாக்டர் கொடுத்ததாக இருந்தாலும் எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

"முதல்ல குடியை விடட்டும், அப்புறம் மனசைப் பார்க்கலாம்" என்று காத்திருப்பதும் சரியல்ல. சண்டைக் கனவுகளைத் தாங்காமல் குடிக்கிறார். மது முதல் பாதி ராத்திரி தூங்க வைக்கிறது, பின்பாதியில் தூக்கத்தைக் கலைத்துவிடுகிறது, கனவும் திரும்புகிறது. மறுநாள் அளவு கூடுகிறது. ஒன்றை விட்டு ஒன்றுக்கு வைத்தியம் பார்த்தால் இந்தச் சுற்று நிற்காது. இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் மனநலப் பிரிவுக்கு ரெஃபரல் கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும், குடிப்பழக்கத்திலிருந்து மீட்க சென்னையில் 1980 முதல் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்களும் இருக்கின்றன.

வங்கிக் காவல் வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வீட்டில், அவர் குடித்துக்கொண்டும் மனம் உடைந்தும் இருக்கும் காலத்தில் துப்பாக்கி இருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து வைக்கலாம். "செத்துடலாம்னு இருக்கு" என்று அவர் சொன்னால் போதைப் பேச்சு என்று தள்ளாதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

மூன்று மாதம் குடிக்காமல் இருந்தவர் ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டு, வெட்கப்பட்டு அடுத்த ரிவ்யூவுக்குப் போகாமல் விடுவதும் நடக்கிறது. அந்த வாரமே போங்கள், எவ்வளவு குடித்தார், எந்த மாத்திரையை எத்தனை நாள் விட்டார் என்று சொல்லுங்கள். மருந்தை மாற்றுவதா, அளவைக் கூட்டுவதா என்பதை டாக்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.