பல பாகச் சக்கரத்தை மீண்டும் கோக்கும்போது

நடுத்தட்டு, உள் ரிம், வெளி ரிம் என மூன்றாகப் பிரியும் அலாய் சக்கரத்துக்கு மாற்றுப் பாகம் வாங்கும் முன், 16, 17 என்னும் அங்குல அளவு ஒத்தால் போதும் என்று நம்பிவிடக் கூடாது. பாகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் போல்ட் துளைகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம், துளையின் பருமன் ஆகிய மூன்றும் இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். துளைகள் இரட்டைப்படை எண்ணிக்கையில் இருந்தால், ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து நேரெதிர்த் துளையின் இடது விளிம்பு வரை அளந்தால் வட்டத்தின் விட்டம் கிடைத்துவிடும்; கண்மதிப்பில் மையத்தைத் தேட வேண்டியதில்லை. ரிம் நடுத்தட்டின் முன்புறம் அமர்கிறதா, பின்புறமா என்பதையும் பழைய பாகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளி ரிம்மை 1 அங்குலம் அகலமாக்கினால் ஆஃப்செட் (சக்கர அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, வண்டியில் பொருந்தும் முகம் வரையுள்ள தூரம்) 12.7 மி.மீ. குறையும், உள் ரிம்மை அவ்வளவு அகலமாக்கினால் அதே அளவு கூடும். முன்னதில் டயர் மட்கார்டில் உரசலாம், பின்னதில் ஷாக் அப்சார்பரில் இடிக்கலாம். ஆகவே வண்டியில் உள்ள இடைவெளியை அளந்த பிறகே பணம் கொடுங்கள்.

மதுரை வடக்கு மாசி வீதியிலோ வேறெங்கோ, கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டை இதில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சக்கரத் தயாரிப்பாளர் குறித்த தரத்தில் புதிய போல்ட்டுகளை வாங்கி, அவர் சொன்ன முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்சால் எதிரெதிராக இறுக்குங்கள். காற்று கசியாமலிருக்க இணைப்பில் பூசிய சிலிக்கான் பசை முழுதும் உலர்ந்த பின்னரே டயரை ஏற்றிக் காற்றடித்து, சோப்பு நீரில் கசிவைச் சோதியுங்கள்.