மோட்டார்ஹோம் பயணத்துக்குப் பவர் ஸ்டேஷனா, கூடுதல் பேட்டரியா? முதன்முறை பயணிப்போருக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் உள்ள பொது நிலங்கள் பலவற்றில், 28 நாள்களுக்குள் 14 நாள்கள் வரை கட்டணமின்றி மோட்டார்ஹோமை, அதாவது படுக்கையும் சமையலறையும் கொண்ட வீடு போன்ற வண்டியை, நிறுத்தித் தங்கலாம். அங்கே மின் இணைப்பு கிடையாது. வண்டியோடு வரும் ஒற்றை பேட்டரி குளிர்கால இரவு ஒன்றைக் கடப்பதே கடினம் என்பதால், கையில் தூக்கிச் செல்லும் பவர் ஸ்டேஷன் (பேட்டரியும் பிளக் வசதியும் ஒன்றாக உள்ள பெட்டி) வாங்குவதா, வண்டிக்குள் கூடுதல் பேட்டரி பொருத்துவதா என்ற கேள்வி எழுகிறது. விலையை மட்டும் ஒப்பிட்டு இதற்கு விடை காண முடியாது. எந்தக் கருவி எந்த வழியில் மின்சாரம் எடுக்கிறது என்பதைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

படி 1: ஒரு நாளின் தேவையைக் கணக்கிடுங்கள்

ஒவ்வொரு கருவியின் வாட் அளவையும் அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 60 வாட் மடிக்கணினி 4 மணி நேரம் ஓடினால் 240. தூக்கத்தில் மூச்சுத்திணறல் உள்ளவர்கள் பயன்படுத்தும் 40 வாட் சிபாப் கருவி 8 மணி நேரத்துக்கு 320. 600 வாட் ரைஸ் குக்கரில் அரை மணி நேரம் சோறு வைத்தால் 300. 12 வோல்ட் கம்ப்ரஸர் குளிர்பெட்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 என்று வைத்துக்கொள்ளலாம்.

பலரும் மறந்துவிடுவது வண்டிக்குள் சூடேற்றும் ஃபர்னஸை. வெப்பத்தைத் தருவது புரொப்பேன் வாயு என்றாலும், அந்த வெப்பத்தை உள்ளே தள்ளும் மின்விசிறி ஏறத்தாழ 100 வாட் எடுக்கிறது. பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 500 வாட்-மணி தீர்ந்துவிடும்.

படி 2: பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்

ஃபர்னஸ், தண்ணீர் பம்ப், கூரை விளக்குகள், 12 வோல்ட் குளிர்பெட்டி ஆகியவை வண்டியின் சொந்த வயரிங்கில் இணைந்தவை. மடிக்கணினி, சிபாப், ரைஸ் குக்கர் போன்றவை பிளக்கில் செருகுபவை. முதல் பட்டியல் நீளமாக இருந்தால் கூடுதல் பேட்டரியும், இரண்டாவது நீளமாக இருந்தால் பவர் ஸ்டேஷனும் பொருந்தும். வாடகை வண்டியில் செல்பவர்களுக்கு இந்த யோசனையே தேவையில்லை; பிறருடைய வண்டியின் வயரிங்கில் கை வைக்க முடியாது என்பதால் அவர்களுக்குப் பவர் ஸ்டேஷன்தான் வழி.

படி 3: பவர் ஸ்டேஷன் என்றால்

கொள்ளளவு, தொடர்ந்து தரக்கூடிய வாட், சோலார் உள்ளீட்டின் அளவு ஆகிய மூன்றையும் பாருங்கள். 1000 வாட்-மணி என்று எழுதியிருந்தாலும், பேட்டரி மின்சாரத்தை வீட்டுப் பிளக் மின்சாரமாக மாற்றும் உள்ளிருக்கும் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்வது போக, சுவர் பிளக் வழியாகச் சுமார் 850 மட்டுமே கைக்கு வரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையையே தேர்ந்தெடுங்கள். மற்ற லித்தியம் வகைகளைவிட அது நீண்ட நாள் உழைக்கும், வெப்பத்தையும் நன்கு தாங்கும்.

வெளி மின் இணைப்பில் செருகும் வண்டியின் கேபிளையே பவர் ஸ்டேஷனில் செருக விரும்பினால், முதலில் வாட்டர் ஹீட்டரையும், வாயு, மின்சாரம் இரண்டிலும் ஓடும் குளிர்பெட்டி இருந்தால் அதையும் வாயு முறைக்கு மாற்றுங்கள். வாட்டர் ஹீட்டரின் மின்கம்பிச் சுருள் மட்டுமே 1400 வாட் அளவுக்கு இழுக்கக்கூடியது. அடுத்து, பிளக் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வர்ட்டரைக் கவனியுங்கள். அது தானாகவே வண்டியின் பேட்டரியைச் சார்ஜ் செய்யத் தொடங்கி, நீங்கள் சமையலுக்கு வைத்திருந்த மின்சாரத்தைத் தீர்த்துவிடும். வேண்டாதபோது அதன் பிரேக்கரை அணைத்து வையுங்கள். அந்த பேட்டரியிலிருந்தே பவர் ஸ்டேஷனையும் சார்ஜ் செய்துகொண்டிருந்தால் மின்சாரம் வட்டமாகச் சுற்றி, வெப்பமாகவே வீணாகும்.

படி 4: கூடுதல் பேட்டரி என்றால்

100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் 1200 வாட்-மணி இருந்தாலும், ஆயுள் குறையாமல் எடுக்கக்கூடியது அதில் பாதிதான். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1280 வாட்-மணி இருக்கிறது. அதன் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், எடையும் பாதிக்குக் குறைவு. ஆனால் பழையதை எடுத்துவிட்டு இதை வைத்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். பின்வருவனவற்றைச் சரிபார்த்த பிறகே பொருத்துங்கள்.

லித்தியமும் லெட்-ஆசிடும் ஒரே இணைப்பில் சேரக்கூடாது. பழைய கன்வர்ட்டர்கள் பல 13.6 வோல்ட் வரை மட்டுமே தருகின்றன. லித்தியம் முழுமையாக நிரம்ப 14.2 முதல் 14.6 வோல்ட் வரை தேவைப்படும்.

எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை லித்தியம் பேட்டரியோடு நேரடியாக இணைப்பது ஆபத்து. உள்தடை மிகக் குறைவான லித்தியம் பேட்டரி, கிடைக்கும் மின்னோட்டம் அனைத்தையும் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடேற்றிக் கருக்கிவிடக்கூடும். அதனால் இடையே 20 முதல் 40 ஆம்பியர் வரை கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜரை வையுங்கள்.

2000 வாட் இன்வெர்ட்டர் பொருத்தினால் 12 வோல்ட் கேபிளில் 150 ஆம்பியருக்கு மேல் பாயும். மெல்லிய கேபிள் தீப்பிடிக்கும். தடித்த கேபிளும், பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸும் கட்டாயம். இதில் பழக்கமில்லாதவர்கள் தயவுசெய்து தேர்ந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் இதுவன்று.

குளிரும் முக்கியம். 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் உள்ளே உலோக லித்தியம் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். அரிசோனா என்றாலே வெயில் என்று நினைத்து, ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் உள்ள ஃப்ளாக்ஸ்டாஃபில் ஜனவரி மாதம் தங்குபவர்கள், பேட்டரியை வண்டிக்குள்ளேயே வைப்பதோ, சூடேற்றும் வசதி கொண்டதை வாங்குவதோ நல்லது.

படி 5: மீண்டும் நிரப்பும் வழியைத் திட்டமிடுங்கள்

200 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 600 முதல் 1000 வாட்-மணி வரை தரும். மர நிழலில் அது வெகுவாகக் குறையும். ஜெனரேட்டரை முழுதாக நம்ப வேண்டாம், யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காக்களில் குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே அதை ஓட்ட அனுமதி உண்டு. ஓடும் வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டில் பவர் ஸ்டேஷனைச் செருகினால் சுமார் 100 வாட்தான் ஏறும். 1000 வாட்-மணி நிரம்பப் பத்து மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். டிசி-டிசி சார்ஜர் உள்ள வண்டியின் பேட்டரி அதே அளவை இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் பெற்றுவிடும். தினமும் இடம் மாறுபவர்களுக்கு இந்த வேறுபாடே முடிவைத் தீர்மானிக்கப் போதுமானது.

படி 6: வீட்டு வாசலில் ஓரிரவு சோதியுங்கள்

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஃபர்னஸையும் குளிர்பெட்டியையும் வழக்கம்போல ஓடவிட்டு, வண்டியிலேயே உறங்குங்கள். காலையில் பேட்டரியின் மீதி அளவைக் குறித்துக்கொண்டு, படி 1-இல் எழுதிய கணக்கோடு ஒப்பிடுங்கள். கணக்கைவிடக் கூடுதலாகச் செலவாகியிருந்தால், ஃபர்னஸ் ஓடிய நேரத்தையும், இன்வெர்ட்டர் இரவு முழுவதும் வீணே இயங்கியதா என்பதையும் முதலில் பாருங்கள்.