கலைந்த குழுக்களிலிருந்து புதிய ப்ளூஸ் ராக் குழு: எங்கே சறுக்குகிறார்கள்?

பழைய குழு கலைந்தபின் தேர்ந்த வாசிப்பாளர்கள் கூடிப் புதிய ப்ளூஸ் ராக் (ப்ளூஸ் இசையை ராக்கோடு கலந்த பாணி) குழு தொடங்கினால், அது கெடுவது பெரும்பாலும் வாசிப்பால் அல்ல, அவசரத்தால். 1969-இல் இங்கிலாந்தில் பிறந்த பிளைண்ட் ஃபெய்த் குழுவை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. கலைந்துபோன க்ரீம் குழுவிலிருந்து கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனும் டிரம்மர் ஜிஞ்சர் பேக்கரும், டிராஃபிக் குழுவிலிருந்து பாடகர் ஸ்டீவ் வின்வுட்டும், ஃபேமிலி குழுவிலிருந்து பேஸ் கிதார் வாசிக்கும் ரிக் கிரெச்சும் வந்தார்கள். எப்பேர்ப்பட்ட கைகள்!

அவர்களின் முதல் கச்சேரியே ஜூன் 7 அன்று லண்டன் ஹைட் பார்க்கில், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் முன்னிலையில் நடந்தது. புதுக் குழு தடுமாறவும் திருத்திக்கொள்ளவும் சின்ன அரங்கம் வேண்டும். அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த மாதமே அமெரிக்கப் பயணம்.

இதைவிடப் பெரிய தவறு, கையில் போதிய பாட்டு இல்லாமல் புறப்பட்டது. அவர்களுடைய ஒரே ஆல்பத்தில் ஆறே பாடல்கள். அவற்றில் பேக்கர் எழுதிய ஒன்று மட்டும் 15 நிமிடம் ஓடும். ஆளுக்கொரு தனி வாசிப்பு. மேடையில் நேரம் மிஞ்சியது, கூட்டமோ க்ரீம், டிராஃபிக் பாடல்களைக் கேட்டது, இவர்களும் பாடிக் கொடுத்தார்கள். அப்படி ஒருமுறை இறங்கி வந்துவிட்டால் புதுப் பாட்டுக்கு யார் காது கொடுப்பார்கள்? ஆல்பம் இரு நாடுகளிலும் முதலிடம் பிடித்தது. ஆனால் ஆகஸ்டில் பயணம் முடிந்ததோடு குழுவும் முடிந்தது.

உள்ளுக்குள் இருக்கும் தயக்கத்தை விழுங்குவதும் தவறுதான். பேக்கர் சேர்ந்தால் இது இன்னொரு க்ரீம் ஆகிவிடுமோ என்று கிளாப்டன் முதலிலேயே அஞ்சினார். வின்வுட் விரும்பியதால் விட்டுக்கொடுத்தார்.

1973-இல் உருவான பேட் கம்பெனி குழு இதற்கு நேர்மாறு. ஃப்ரீ குழுவிலிருந்து பாடகர் பால் ரோட்ஜர்ஸ், டிரம்மர் சைமன் கிர்க். மாட் தி ஹூப்பிள் குழுவை விட்டு வந்த கிதார் கலைஞர் மிக் ரால்ஃப்ஸ். முன்பு கிங் கிரிம்சன் குழுவில் இருந்த போஸ் பரெல். மேடையேறும் முன்பே, அந்த நவம்பரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் அமர்ந்து பாடல்களைப் பதிவு செய்தார்கள். முதல் கச்சேரி 1974 மார்ச்சில், நியூகாசிலில். பழைய பாட்டைத் தொடவே கூடாது என்றும் அவர்கள் நினைக்கவில்லை: ரால்ஃப்ஸ் முந்தைய குழுவுக்கு எழுதிய ஒரு பாடலை முதல் ஆல்பத்தில் மறுபடி எடுத்தார்கள். ரோட்ஜர்ஸ் குரலில் அது அவர்களுடைய பாட்டாகவே ஆகிவிட்டது.