ஸ்பானிய 'ஹெஃபே'யின் மூலத்தைத் தேடுவது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை

ஸ்பானிய மொழியில் தலைவரையும் மேலதிகாரியையும் குறிக்கும் 'ஹெஃபே' பிரெஞ்சிலிருந்து வந்த கடன் சொல். அதைச் சான்றுகளோடு நிறுவும் முறையைப் பழகிக்கொண்டால் மற்றச் சொற்களையும் நீங்களே ஆராயலாம்.

படி 1: முதலில் ஸ்பானிய அரச கழகத்தின் அகராதியைப் பாருங்கள்; இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பொருள் விளக்கத்துக்கு முன், பிரெஞ்சு 'ஷெஃப்' என்பதே மூலம் என்ற குறிப்பு இருக்கும்.

படி 2: அடுத்து, பழைய எழுத்துக்கூட்டலைத் தேடுங்கள். இன்று 'ஹோட்டா' எழுத்தில் (ஆங்கில 'ஜே') தொடங்கும் இச்சொல்லை 18ஆம் நூற்றாண்டில் 'எக்ஸ்' எழுத்தில் தொடங்கி எழுதினார்கள். 1815இல் அரச கழகம் செய்த எழுத்துச் சீர்திருத்தமே இதை மாற்றியது. பழைய ஸ்பானியத்தில் 'எக்ஸ்' எழுத்துக்கு 'ஷ' ஒலி இருந்தது. அவ்வொலி பின்னர் நாவின் பின்பகுதிக்கு நகர்ந்து, இன்று நம் காதுக்கு 'ஹ' போலக் கேட்கிறது. மெக்சிகோ என்ற நாட்டுப் பெயர் ஸ்பானியத்தில் 'மெஹிகோ' என ஒலிப்பதும் இம்மாற்றத்தால்தான்.

படி 3: இனி ஒலி விதியைப் பொருத்திப் பாருங்கள். முழு ஆய்வும் இதில்தான் நிற்கிறது என்பதால் அவசரப்பட வேண்டாம். லத்தீன் சொல்லின் முதலில் வரும் 'க' பிரெஞ்சில் 'ஷ' ஆகும். ஸ்பானியத்தில் 'க'வாகவே நிற்கும். குதிரையைக் குறித்த லத்தீன் 'கபல்லுஸ்' பிரெஞ்சில் 'ஷெவால்' ஆகவும் ஸ்பானியத்தில் 'கபாயோ' ஆகவும் மாறியது இவ்விதிப்படியே. தலையைக் குறித்த 'கபுத்' என்பதும் அப்படித்தான்: பிரெஞ்சில் இடையிலிருந்த 'ப' மெலிந்து, ஈற்றுயிர் விழுந்து, 'ஷெஃப்' ஆயிற்று, ஸ்பானியத்திலோ 'முனை' என்று பொருள்படும் 'காபோ' ஆயிற்று. லத்தீன் 'கபுத்'தில் ஒலிப்பது 'பல்' என்பதில் வரும் 'ப'. ஸ்பானிய 'காபோ'வில் ஒலிப்பது 'அன்பு' என்பதில் வருவதைப் போன்ற மெல்லிய 'ப'. எனவே லத்தீனின் நேர் வாரிசு 'காபோ'தான். 'ஹெஃபே' அப்படி இருக்க வழியில்லை.

படி 4: பொருளும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். பழைய பிரெஞ்சில் 'ஷெஃப்' உடலின் தலையையே குறித்தது. தொப்பியைக் குறிக்கும் 'கூவ்ர்-ஷெஃப்' என்ற சொல்லில் அப்பொருள் இன்றும் இருக்கிறது. தலை தலைவனைக் குறிப்பது தமிழருக்குப் புதிதன்று.

படி 5: கடைசியாக, அதே சொல் மறுபடியும் கடன் வாங்கப்பட்டதா என்று தேடுங்கள். உணவகத்தின் தலைமைச் சமையல்காரரைக் குறிக்கும் 'செஃப்' பிற்காலத்தில் பிரெஞ்சிலிருந்து ஸ்பானியத்துக்கு வந்தது. 'ஷ' ஒலி 'ஹ'வாக மாறி முடிந்த பின் வந்ததால், அதற்கு 'ஹ' ஒலி ஏறவில்லை.